ஃபிளாஷ் ஃபைல் சிஸ்டத்தில் டைரக்டரி பக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் பின்னணி. ஒரு அளவீட்டுக் கருவி, அதில் 4 எம்பி எஸ்பிஐ நார் ஃபிளாஷ் (பவர் போனாலும் டேட்டா அழியாத நினைவகச் சிப்), அதன் மேல் நாங்களே எழுதிய ஒரு சின்ன ஃபைல் சிஸ்டம். அமைப்பு பெரும்பாலும் லிட்டில்எஃப்எஸ் என்ற, சின்னக் கருவிகளுக்கான ஃபைல் சிஸ்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. டைரக்டரி என்பது 4096 பைட் பிளாக்குகளின் சங்கிலி, ஒவ்வொரு பிளாக்கும் ஒரு லாக் (நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும் குறிப்பேடு), ஃபைல் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும், ஒவ்வொரு பெயருக்கும் அந்த பிளாக்குக்குள் 0, 1, 2 என்று ஒரு வரிசை எண். பழைய பதிவு ஃபைல்களை அழிக்கும் லூப் ஒன்று பாதி ஃபைல்களை விட்டுவைத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதைத் திருத்தப் போன இடத்தில் இன்னும் நாலைந்து பக் அகப்பட்டன. இந்த நிரலை (கோடை)த் தொட வருகிறவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பக் என்னவென்று ஒரு வரியில் சொல்ல முடியுமா?

டைரக்டரியைத் திறந்து ஒவ்வொரு ஃபைலாகப் படித்துக்கொண்டே அதே லூப்பில் அழித்தால், ஒன்று விட்டு ஒன்றுதான் அழிந்தது. எந்தப் பிழைக் குறியீடும் வரவில்லை, லூப் சந்தோஷமாக முடிந்து "எல்லாம் அழித்தாச்சு" என்று திரும்பியது.

ஒன்று விட்டு ஒன்று என்றால், அவ்வளவு துல்லியமாகவா?

ஆமாம், அதுதான் துப்பே. கையால் ஓட்டிப் பாருங்கள். பதிவு-0 முதல் பதிவு-7 வரை எட்டு ஃபைல். டைரக்டரியைத் திறந்ததும் கிடைக்கும் ஹேண்டிலில் (எதுவரை படித்தோம் என்று ரேமில் இருக்கும் குறிப்பு) "அடுத்து படிக்க வேண்டிய வரிசை எண்" என்று ஒரு எண் இருக்கிறது, தொடக்கத்தில் 0.

எண் 0-ஐப் படிக்கிறோம், பதிவு-0 வருகிறது, ஹேண்டில் 1 ஆகிறது. பதிவு-0-வை அழிக்கிறோம். இப்போது மீதி ஏழு பேரும் ஒரு படி கீழே இறங்கிவிட்டார்கள்: பதிவு-1-இன் எண் 0, பதிவு-2-இன் எண் 1. ஆனால் ஹேண்டில் இன்னும் 1 என்றே நிற்கிறது. படித்தால் வருவது பதிவு-2. பதிவு-1 கண்ணிலேயே படவில்லை.

பதிவு-2-ஐ அழித்தால் மிச்சம் 1, 3, 4, 5, 6, 7. ஹேண்டில் 2, அந்த இடத்தில் பதிவு-4. அதையும் அழித்தால் 1, 3, 5, 6, 7, ஹேண்டில் 3, அங்கே பதிவு-6. அதை அழித்ததும் 1, 3, 5, 7 என்று நாலு ஃபைல், ஹேண்டில் 4. நாலு ஃபைலில் எண் 4 கிடையாது, ஆக "முடிந்தது".

எட்டில் நாலு. அடுத்த முறை லூப் ஓடும்போது நாலில் இரண்டு. கருவி தினமும் புதுப் பதிவு எழுதிக்கொண்டிருந்ததால் குப்பை மெதுவாகத்தான் சேர்ந்தது, ஃபிளாஷ் நிரம்பிய பிறகுதான் யாரோ எட்டிப் பார்த்தோம். அதுவரை எல்லாரும் பழி போட்டது ஃபிளாஷ் சிப்பின் மேல்.

இதே லூப் எஸ்டி கார்டில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியதே?

ஓடும். எஸ்டி கார்டில் இருக்கும் ஃபேட் வடிவத்தில் ஒரு டைரக்டரிப் பதிவு சரியாக 32 பைட், அதன் இடம் நகராது. ஃபைலை அழித்தால் பெயரின் முதல் பைட்டில் 229 என்று எழுதி வைப்பார்கள், அவ்வளவுதான். அடுத்தவர் அடுத்த 32 பைட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பார். முதல் பைட் 0 என்றால் அதற்கு மேல் எதுவும் இல்லை, படிப்பதை நிறுத்தலாம். ஆக அங்கே "எத்தனையாவது இடம்" என்ற எண், லூப் நடுவில் எத்தனை அழித்தாலும் பொய்யாகாது.

எங்களுடையதில் இடம் என்று ஒன்றே கிடையாது. பிளாக்குக்குள் இருப்பது சம்பவங்களின் பட்டியல்: "இந்தப் பெயர் சேர்ந்தது", "அந்த எண் போனது". வரிசை எண் என்பது அந்தச் சம்பவங்களைக் கூட்டிக் கழித்தால் வருகிற விடை. விடையை ஒரு ஹேண்டிலில் எழுதி வைத்துக்கொண்டு, கணக்கு மாறிய பிறகும் அதையே நம்பினால் இப்படித்தான் ஆகும். லூப் எழுதியவர் மேல் தப்பில்லை என்பது என் கட்சி. படித்துக்கொண்டிருக்கும்போது சேர்ந்த அல்லது அழிந்த ஃபைல் பட்டியலில் வருமா வராதா என்பதைத்தான் போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரம்) திறந்து விட்டிருக்கிறது; யாரும் தொடாத ஃபைலை விழுங்கிவிட அது அனுமதி தரவில்லை.

அந்த 229 வழியை நாமும் எடுத்துக்கொண்டால் என்ன? ஒரு பைட் எழுதினால் போதுமே?

நார் ஃபிளாஷில் அழித்த பிளாக்கின் எல்லா பிட்டும் 1. எழுதுவது என்றால் 1-ஐ 0 ஆக்குவது மட்டும்தான். 0-ஐ 1 ஆக்க வேண்டுமானால் மொத்த பிளாக்கையும் அழிக்க வேண்டும். ஏற்கெனவே எழுதிய பைட்டின் மேல் வேறு பைட்டை எழுதினால் இரண்டின் பிட்டுகளிலும் பொதுவாக 1 இருக்கும் இடங்கள்தான் மிஞ்சும். ஆங்கில 'ஏ' எழுத்தின் மதிப்பு 65, அதாவது 01000001. 229 என்பது 11100101. 65-இன் மேல் 229-ஐ எழுதிப் பாருங்கள், கிடைப்பது மறுபடியும் 65. ஃபைல் அழியவே இல்லை, எழுதும் கட்டளை மட்டும் வெற்றி என்று திரும்பும்.

229-க்குப் பதில் 0 எழுதலாம், அல்லது ஒரே ஒரு பிட்டை ஒதுக்கி வைத்து அதை 1-இலிருந்து 0 ஆக்கலாம். எல்லா நாரிலும் இது ஓடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்; பிழைதிருத்தக் குறியீட்டோடு வருகிற உள் ஃபிளாஷ்களில் ஒரு வார்த்தையை எழுதிய பிறகு அதே இடத்தில் மறுபடி கை வைத்தால் அந்தக் குறியீடு பொருந்தாமல் போய், படிக்கும்போது பிழை கிளம்பும். நாங்கள் இதனால்தான் அழிப்பையும் லாக்கில் புதுப் பதிவாகவே எழுதுகிறோம்.

கோளாறு ரேமில் இருக்கிறதா ஃபிளாஷில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், ஆனால் இரண்டு நாள் கழித்துத்தான் செய்தோம். பட்டியலில் ஃபைல் காணவில்லையா, பவரை எடுத்துவிட்டுத் திரும்ப மவுண்ட் செய்து (ஃபிளாஷிலிருந்து ஃபைல் சிஸ்டத்தைப் புதிதாகப் படித்துத் தயாராக்கி) பட்டியல் போடுங்கள். காணாமல் போனது திரும்ப வந்துவிட்டால் ஃபிளாஷில் இருப்பது சரி, ரேமில் இருக்கும் ஹேண்டிலோ கேச்சோதான் பொய் சொல்கிறது. திரும்ப வரவில்லை என்றால் சிப்பைக் கழற்றி அல்லது கிளிப் போட்டு முழுவதையும் ஒரு ஃபைலாக எடுத்து, பிசியில் வைத்து ஒவ்வொரு பைட்டாகப் பாருங்கள். எங்கள் விஷயத்தில் பதிவு-1, 3, 5, 7 நாலும் மவுண்ட் செய்த உடனே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. ஃபிளாஷில் ஒரு பைட் கூடத் தப்பாக இல்லை.

சரி, திருத்தம் என்ன?

படிக்கும் பக்கத்தில் தொடவே இல்லை. எழுதும் பக்கத்தில்தான் வேலை.

திறந்திருக்கும் எல்லா ஹேண்டில்களையும் ஒரு லிங்க்ட் லிஸ்ட்டில் வைத்துக்கொள்கிறோம். திறக்கும்போது சேர்ப்பது, மூடும்போது எடுப்பது. ஒரு பிளாக்கில் கமிட் (ஒரு மாற்றத்தை லாக்கில் எழுதி உறுதியாக்குவது) நடந்து முடிந்ததும், அதே பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஹேண்டில்களை எல்லாம் தேடிப் பிடித்து அவற்றின் எண்ணைச் சரிசெய்கிறோம். லிட்டில்எஃப்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது.

விதி இரண்டே வரி, ஆனால் அந்த இரண்டு வரியில் நான் ஒரு முறை வழுக்கினேன், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஹேண்டிலின் எண் "அடுத்து படிக்கப் போவது" என்பதை மறக்காதீர்கள். அழிந்த எண் அதைவிடச் சிறியது என்றால் ஹேண்டிலை ஒன்று குறைக்க வேண்டும். சமம் என்றால்? அழிந்தது நாம் அடுத்து படிக்க இருந்த ஃபைல். அது போன இடத்தில் அதற்கு அடுத்தவர் தானாக வந்து உட்கார்ந்துவிட்டார், ஹேண்டிலைத் தொடக் கூடாது. நான் "சிறியது அல்லது சமம்" என்று எழுதிவிட்டேன். விளைவு, ஏற்கெனவே கொடுத்த ஃபைலே இரண்டாவது முறையும் வந்தது. அழிக்கும் லூப்பில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே அழிவது எப்போதும் கடைசியாகப் படித்த ஃபைல். வேறொரு டாஸ்க் (கூடவே ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு வேலை) அடுத்த ஃபைலை அழித்தபோதுதான் வெளியே வந்தது.

சேர்க்கும்போது கதை வேறு. புது ஃபைலின் எண் ஹேண்டிலைவிடச் சிறியது என்றால் ஒன்று கூட்ட வேண்டும், அதில் சந்தேகமில்லை. சமம் என்றால் கூட்டலாம், கூட்டாமலும் விடலாம். கூட்டினால் புது ஃபைல் இந்தச் சுற்றில் வராது, விட்டால் வரும், இரண்டும் போசிக்ஸுக்குச் சம்மதம். நான் கூட்டினேன். படிக்கும் லூப்புக்குள்ளேயே ஃபைல் உருவாக்குகிறவர்கள் உண்டு, தான் உருவாக்கியதைத் தானே படித்து மறுபடி உருவாக்கும் வாய்ப்பை ஒரு இடத்திலாவது குறைக்கலாம் என்றுதான். முழுக்கத் தடுக்க முடியாது, கடைசிக் கேள்வியில் பாருங்கள்.

பிளாக் நிரம்பி இரண்டாகப் பிரிந்தால் ஹேண்டில் என்ன ஆகும்?

இங்கேதான் நேரம் போனது. லாக் நிரம்பியதும் உயிரோடு இருக்கும் பதிவுகளை மட்டும் புது பிளாக்குக்குச் சுருக்கி எழுதுகிறோம். அப்படியும் இடம் போதவில்லை என்றால் பாதியை இன்னொரு பிளாக்குக்குத் தள்ளிச் சங்கிலியில் சேர்க்கிறோம். முப்பது ஃபைல் இருந்த பிளாக் பதினைந்து பதினைந்தாகப் பிரிந்தது என்று வையுங்கள். ஹேண்டில் 20-இல் நின்றிருந்தால் இப்போது அது முதல் பிளாக்கின் 20 இல்லை, இரண்டாவது பிளாக்கின் 5. சரிசெய்யாமல் விட்டால் முதல் பிளாக்கில் 20-ஐத் தேடும், அங்கே பதினைந்துதான், உடனே அடுத்த பிளாக்கின் 0-க்குத் தாவும். அதாவது 15 முதல் 19 வரை உள்ளவர்கள் இரண்டாம் முறை வருவார்கள். எங்கள் பழைய கோடில் இதுவும் நடந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் ஒரே ஃபைல் இரண்டு முறை வந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. 

எதிர்ப்பக்கமும் உண்டு. கடைசி ஃபைலும் அழிந்து ஒரு பிளாக் காலியானால் அதைச் சங்கிலியிலிருந்து கழற்றிவிடுவோம். அதன் மேல் நிற்கும் ஹேண்டில் அடுத்த பிளாக்கின் 0-க்கு நகர வேண்டும். நகர்த்தாவிட்டால், அந்த பிளாக் வேறு ஃபைலின் டேட்டாவுக்குப் போய்விட்ட பிறகு ஹேண்டில் அதை டைரக்டரி என்று நினைத்துப் படிக்கும். சிஆர்சி (டேட்டா சரியா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பொருந்தாது, "டைரக்டரி கெட்டுவிட்டது" என்று பிழை வரும். ஃபிளாஷில் எதுவுமே கெடவில்லை என்பதுதான் வேடிக்கை. சுருக்கும்போது பிளாக்கின் முகவரியே மாறும் சந்தர்ப்பங்களிலும் இதே வைத்தியம்.

ஒவ்வொரு அழிப்புக்குப் பிறகும் டைரக்டரியை மூடித் திறந்து முதலிலிருந்து படித்தால் போதாதா?

ஃபைல் சிஸ்டத்தைத் தொட முடியாத நிலையில் இருக்கிறவர்களுக்கு இது நல்ல வழிதான், எல்லாவற்றையும் அழிப்பதானால் செலவும் அதிகமில்லை. ஆனால் 150 ஃபைலை வைத்துக்கொண்டு 50-ஐ மட்டும் அழிப்பதானால், வைத்துக்கொள்ள வேண்டியவை அகர வரிசையில் முன்னால் இருந்தால், ஒவ்வொரு முறையும் அந்த 150-ஐத் தாண்டி வர வேண்டும், ஐம்பது தடவை.

அதைவிட, ஒரு எட்டுப் பெயரை ரேமில் சேகரித்துக்கொண்டு, டைரக்டரியை மூடிவிட்டு, எட்டையும் அழித்துவிட்டு, திரும்பத் திறப்பது மேல். ஒரே எச்சரிக்கை: அழிப்பது தோற்றால் லூப்பை நிறுத்துங்கள். ஒருவர் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழிக்க மறுக்கும் சிஸ்டமாக இருந்தால், அந்த ஒரு ஃபைலே திரும்பத் திரும்ப வந்து வாட்ச்டாக் (புரோகிராம் சிக்கிக்கொண்டால் ரீசெட் செய்யும் டைமர்) கடிக்கும் வரை சுற்றும்.

உள்ளே ஃபைல் இருக்கும் டைரக்டரி அழிந்துபோனது என்று சொன்னார்களே, அது இதே பக்கா?

இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். டைரக்டரியை அழிக்கும் முன் அது காலியா என்று பார்க்க வேண்டும். எங்கள் கோடு முதல் பிளாக்கில் எத்தனை பதிவு என்று மட்டும் பார்த்தது. 0 என்றால் காலி. டைரக்டரி வளர்ந்து இரண்டு பிளாக்காகி, அகர வரிசையில் முன்னால் இருந்தவை மட்டும் அழிந்தால் முதல் பிளாக் காலி, இரண்டாவதில் ஆட்கள் இருப்பார்கள். முதல் பிளாக் டைரக்டரியின் தலை என்பதால் காலியானாலும் அதைக் கழற்றுவதில்லை.

இதில் கசப்பான விஷயம், முதல் பக் இருந்தவரை இது வெளியே வரவே இல்லை. ஒன்று விட்டு ஒன்றாக அழிந்துகொண்டிருந்ததால் முதல் பிளாக் ஒருநாளும் முழுக்கக் காலியாகவில்லை. அதைத் திருத்திய அடுத்த வாரம் இது கிளம்பியது. "நீ திருத்தியதால்தான் ஃபைல் போச்சு" என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது, பதில் சொல்ல முடியாத கேள்வி. திருத்தம் ஒரு வரி: எண்ணிக்கை 0 என்பதோடு, சங்கிலி அங்கேயே முடிகிறதா என்றும் பார். முடியவில்லை என்றால் காலி இல்லை.

அழித்த ஃபைல் சில நாள் கழித்து உயிரோடு வருகிறது. இது சாத்தியமா?

லாக் வடிவ ஃபைல் சிஸ்டங்களில் இது பழைய நோய். லினக்ஸில் உள்ள ஃபிளாஷ் ஃபைல் சிஸ்டமான ஜேஎஃப்எஃப்எஸ்2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே பெயர் ஒரு பதிவு, அந்தப் பெயரை அழிப்பதும் ஒரு பதிவுதான்: அதே பெயர், புதிய பதிப்பு எண், ஐநோட் எண் (எந்த ஃபைல் என்று காட்டும் எண்) 0. மவுண்ட் செய்யும்போது எது புதியது என்று பார்த்து, 0 என்றால் ஃபைல் இல்லை என்று முடிவு செய்யும். இப்போது குப்பை சேகரிக்கும் வேலை (பயனற்ற பதிவுகளை நீக்கி இடத்தை மீட்பது) வருகிறது. அந்த அழிப்புப் பதிவைப் பார்த்து "இதற்கு எந்த ஃபைலும் இல்லையே, தூக்கிப் போடு" என்று போட்டுவிட்டால், பழைய பெயர்ப் பதிவு இன்னும் அழிக்கப்படாத வேறொரு பிளாக்கில் கிடக்கும் பட்சத்தில், அடுத்த மவுண்டில் அதுதான் புதியது. ஃபைல் எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால் ஜேஎஃப்எஃப்எஸ்2, ஃபிளாஷில் அதே பெயரின் பழைய பதிவு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழிப்புப் பதிவை விடுகிறது. கல்லறைக்குள் ஆள் இருக்கும் வரை கல்லை நகர்த்தாதே என்கிற மாதிரி.

எங்களுடையதில் ஒரு பெயரின் எல்லாப் பதிவும் ஒரே பிளாக்கில் இருக்கும், சுருக்கும்போது மொத்தமாகப் போகும், அதனால் இந்தத் தொல்லை இல்லை. நீங்களே எழுதும் சிஸ்டத்தில் பதிவுகள் சிதறிக் கிடக்கும் என்றால் இதை முதல் நாளே யோசியுங்கள்.

ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது பவர் போனால்?

இரண்டு டைரக்டரி, இரண்டு பிளாக், இரண்டு கமிட். நடுவில் பவர் போவதற்கு ஒரு சந்து எப்போதும் இருக்கும். ஒரு பிளாக்குக்குள் நடக்கும் கமிட்டுக்கு சிஆர்சி காவல் இருக்கிறது, பாதியில் நின்றால் மவுண்டில் அது எண்ணிக்கையிலேயே வராது. இரண்டு பிளாக்கைச் சேர்த்துக் காக்க சிஆர்சியால் ஆகாது. பழைய இடத்தில் முதலில் அழித்தால் ஃபைல் எங்குமே இல்லாமல் போகலாம். புது இடத்தில் முதலில் எழுதினால் இரண்டு இடத்திலும் இருக்கலாம். இரண்டாவதுதான் தேவலை, ஆனால் ஒரே டேட்டாவுக்கு இரண்டு பெயர் மிஞ்சிவிடும்.

லிட்டில்எஃப்எஸ் இதற்கு வைத்திருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. புது இடத்தில் பெயரை எழுதும் அதே கமிட்டில், "இன்ன பிளாக்கில் இன்ன எண் நகர்ந்துகொண்டிருக்கிறது" என்ற குறிப்பையும் சேர்த்துவிடும். கமிட் நடந்தால் இரண்டும் நடந்தது, இல்லையென்றால் இரண்டும் இல்லை. அதற்குப் பிறகு பவர் போனாலும், மவுண்டில் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பழைய பெயரை இல்லாததாகவே நடத்தும், அடுத்து எழுத வாய்ப்பு வரும்போது துடைத்துவிடும். நாங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

'/பதிவு' டைரக்டரியை '/பதிவுகள்' என்று பெயர் மாற்றினால் "தனக்குள்ளேயே நகர்த்த முடியாது" என்கிறதே?

ஒரு டைரக்டரியை அதன் சொந்தக் குழந்தைக்குள் நகர்த்தக் கூடாது, அது சரியான விதி. ஆனால் சோதனையை யாரோ வெறும் முன்னொட்டு ஒப்பீடாக எழுதியிருக்கிறார்கள். 'பதிவுகள்' என்பது 'பதிவு' என்றுதான் தொடங்குகிறது, அதற்காக அது குழந்தை ஆகிவிடாது. முன்னொட்டு பொருந்தியதும் அடுத்த எழுத்து சாய்கோடா என்று பாருங்கள்.

ஸ்பிஃப்ஸ் என்ற இன்னொரு ஃபிளாஷ் ஃபைல் சிஸ்டத்தில் இந்தத் தொல்லையே வராது என்கிறார்களே?

அங்கே டைரக்டரியே கிடையாது. சாய்கோடு பெயரில் ஒரு எழுத்து, அவ்வளவுதான். பெயருக்கு வழக்கமான வரம்பு 32 பைட், கடைசி 0-வும் அதில் சேர்த்தி. தமிழ்ப் பெயர் வைத்தால் யூடிஎஃப்-8-இல் ஒரு குறிக்கு 3 பைட், மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி. 'பதிவுகள்' என்பதற்கே 24 பைட் போய்விடும்.

ஏற்கெனவே வெளியே போய்விட்ட கருவிகளை என்ன செய்வது? ஃபார்மேட் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஹேண்டில் திருத்தம் முழுக்க ரேமில் நடப்பது, ஃபிளாஷில் உள்ள வடிவம் ஒரு பிட் கூட மாறவில்லை. புது ஃபர்ம்வேரை ஏற்றினால் முதல் சுற்றிலேயே மிச்சம் இருந்த குப்பையும் அழியும். அந்த முதல் சுற்றை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். பல மாதக் குப்பை ஒரே மூச்சில் அழியும்போது சுருக்குவதும் பிளாக் அழிப்பும் வரிசையாக வரும், 4096 பைட்டை அழிக்கவே பத்துக்கணக்கான மில்லிசெகண்டு ஆகும், வாட்ச்டாக்குக்கு நடுநடுவே தீனி போடாவிட்டால் ரீசெட் ஆகும்.

காலியில்லாத டைரக்டரி அழிந்த கருவிகளுக்கு நல்ல செய்தி பாதிதான். நாங்கள் காலி பிளாக் பட்டியல் என்று ஃபிளாஷில் எதையும் வைப்பதில்லை, ரூட்டிலிருந்து நடந்து போய்ச் சேர முடியாத பிளாக் எல்லாம் காலி என்று கணக்கு. அதனால் இடம் வீணாகவில்லை. உள்ளே இருந்த ஃபைல்கள் போனது போனதுதான்.

இதையெல்லாம் எப்படி டெஸ்ட் செய்கிறீர்கள்? மேசையில் உட்கார்ந்து பவரைப் பிடுங்கிக்கொண்டா?

ஆரம்பத்தில் ரிலே வைத்து அதையும் செய்தோம், பிரயோஜனம் இல்லை. ஒரு இரவு முழுக்க வெட்டினாலும் வெட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது, பிடித்த பக்கை மறுபடி வரவழைக்கவும் முடியாது.

இப்போது எல்லாம் பிசியில். ரேமில் ஒரு போலி ஃபிளாஷ்: எழுதினால் 1-ஐ 0 மட்டும் ஆக்கும், அழித்தால் பிளாக் முழுக்க 1. ஃபிளாஷில் எழுதும் ஒவ்வொரு தடவைக்கும் (அதைத்தான் இங்கே 'எழுத்து' என்கிறேன்) ஒரு கணக்கு. முதல் ஓட்டத்தில் 1-ஆவது எழுத்தில் பவர் போகிறது, அடுத்த ஓட்டத்தில் 2-ஆவதில், அப்புறம் 3, இப்படி வெட்டே விழாமல் லூப் முடியும் வரை. வெட்டும் எழுத்தை ஒரு முறை முழுக்க விட்டுவிட்டும், ஒரு முறை பாதி மட்டும் எழுதியும் பார்க்கிறோம். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மவுண்ட் செய்து, எந்த ஃபைலும் இரண்டு இடத்தில் இல்லை, தொடாத ஃபைல் எதுவும் காணாமல் போகவில்லை, ஒரு பிளாக்குக்கு இரண்டு சொந்தக்காரர் இல்லை என்று பார்ப்போம்.

ஹேண்டில் பக்குகளுக்கு இன்னொரு வித்தை: பிளாக் அளவை வேண்டுமென்றே சின்னதாக்குங்கள். 4096-இல் முப்பது நாற்பது ஃபைல் போட்டால்தான் பிளாக் பிரியும். 256 ஆக்கினால் இரண்டாவது மூன்றாவது ஃபைலிலேயே பிரியும், சேரும், காலியாகும். நான் மேலே சொன்ன "சிறியது அல்லது சமம்" தவறு இந்த டெஸ்டில் ஒரு நொடிக்குள் விழுந்தது.

இரண்டு டாஸ்க் ஒரே டைரக்டரியைப் பயன்படுத்தலாமா?

பூட்டுப் போட்டுத்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். ஹேண்டில் லிஸ்ட் எல்லாருக்கும் பொது, ஒருவர் அதில் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் மூடினால் பாயிண்டர் அந்தரத்தில் தொங்கும்.

படித்த இடத்தைக் குறித்து வைத்து, பிறகு அங்கிருந்து தொடரும் வசதி திருத்தத்துக்குப் பிறகு சரியாக இருக்குமா?

இருக்காது. ஹேண்டில் நம் லிஸ்ட்டில் இருக்கிறது, நம்மால் திருத்த முடியும். நீங்கள் வாங்கிக்கொண்டு போய் உங்கள் வேரியபிளில் வைத்த எண் எங்கே இருக்கிறது என்று ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியாது. நடுவில் எதுவும் சேரவோ அழியவோ இல்லை என்றால் மட்டும் நம்புங்கள். நாங்கள் கடைசியாகப் பார்த்த பெயரையே குறித்து வைத்து, "இந்தப் பெயருக்கு அடுத்தது" என்று கேட்கும் ஒரு அழைப்பைச் சேர்த்துவிட்டோம், பெயர் வரிசையில் இருப்பதால் அது மலிவு.

எல்லாம் திருத்திய பிறகும் ஒரு லூப்பில் ஒரே ஃபைல் திரும்பத் திரும்ப வருகிறதே?

லூப்புக்குள் பெயர் மாற்றுகிறீர்களா? அப்படியானால் இது பக் இல்லை. ஒருவர் பழைய பதிவுகளுக்கு எல்லாம் 'பழைய-' என்று முன்னால் சேர்க்கும் லூப் எழுதியிருந்தார். பதிவு-0 வந்தது, பழைய-பதிவு-0 ஆனது. பைட் வரிசையில் ழகரம் தகரத்துக்குப் பின்னால், ஆக புதுப் பெயர் இன்னும் படிக்காத பக்கத்தில் போய் விழுந்தது. எட்டு ஃபைலும் ஒரு சுற்று முடிந்ததும் அவையே மறுபடி வந்தன, பழைய-பழைய-பதிவு-0 ஆயின, அதுவும் வரிசையில் இன்னும் பின்னால். பெயருக்கு எங்கள் வரம்பு 255 பைட், 'பழைய-' 13 பைட், பதிவு-0 17 பைட். கருவியைத் திறந்து பார்த்தபோது ஒவ்வொரு ஃபைலின் முன்னாலும் பதினெட்டு 'பழைய-' இருந்தது; பத்தொன்பதாவதற்கு இடம் இல்லாமல் "பெயர் நீளம் அதிகம்" என்று பிழை வந்ததால்தான் லூப் நின்றிருக்கிறது. ஏற்கெனவே 'பழைய-' என்று தொடங்குவதைத் தாண்டிப் போக ஒரு இஃப் போடுங்கள்.